அலமாரி ஓதத்துக்கு 42,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

வேளச்சேரியில் இரண்டாவது மாடி வீடு. போன நவம்பர் மழையில் படுக்கையறைச் சுவர் அலமாரியைத் திறந்தால், நனைந்த சாக்கைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. கீழ்த்தட்டில் இருந்த அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையைப் பிரித்தேன். ஜரிகையை ஒட்டி, கோலமாவு சிந்தியது போல வெள்ளையாகப் பூஞ்சணம். விரலால் தொட்டால் பசபசவென்று ஒட்டுகிறது. பாச்சா உருண்டை இருந்தும் இந்தக் கதி. அது பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு இல்லை என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று வாங்கி வைத்தேன், ஒரே வாரத்தில் தண்ணீர் நிரம்பி நின்றது.

சரி, இது நம் கைமீறிய வேலை என்று ‘வாட்டர் ப்ரூஃபிங்’ செய்யும் நிறுவனம் ஒன்றைக் கூப்பிட்டோம். வந்தவர் ஈரம் அளக்கும் ஒரு சின்ன மீட்டரைச் சுவரில் குத்தி, “பாருங்க மேடம், முழுக்க சிவப்பு. வெளிச்சுவர்ல இருந்து மழைத் தண்ணி இறங்குது” என்றார். அந்த மீட்டர் உப்பு பூத்த இடத்தில் வைத்தாலே எகிறிக் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. பின்னால் இருப்பது எங்கள் பாத்ரூம்.

வெளிச்சுவருக்கு இரண்டு கோட், உள்ளே கெமிக்கல், அலமாரிக்குப் புதுப் பின்பலகை, எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய், 10 வருஷ கேரண்டி. பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி 18 பர்சென்ட் சேர்ந்துடும், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்றார். நானும் தலையாட்டினேன். பணம் ஜிபேயில் யாரோ ஒரு தனி ஆள் பெயருக்குப் போனது. இந்த இடத்தில் என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

பொங்கலுக்கு அலமாரி பளபளவென்று இருந்தது. ஏப்ரலில் வாடை திரும்ப வந்தது. ஏப்ரலில் ஏது மழை? ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்தில் ஓதம் ஏறினால் அது வானத்துத் தண்ணீராக இருக்க முடியாது. இது புரிவதற்கு எனக்கு ஐந்து மாதமும் 42,000 ரூபாயும் ஆனது.

போன் செய்தால், “கதவைத் திறந்து காத்தாட விடுங்க மேடம்” என்றார்கள். விட்டேன். நாலாவது போனில் கேரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். எறும்பு சைஸ் எழுத்தில் ‘குழாய்க் கசிவுக்குப் பொருந்தாது’.

அப்புறம் கீழ்வீட்டு அக்கா சொல்லி ஒரு வயதான பிளம்பர் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கீழிருந்து மேலே தடவிக்கொண்டே போனவர், என் இடுப்பு உயரத்தில் நிறுத்தினார். “இதுக்கு மேல காஞ்சிருக்கும்மா. அந்தப் பக்கம் குழாய் எந்த உயரத்துல இருக்கு?” அதே உயரம்தான். கைப்பம்பைப் பொருத்தி குழாய் லைனில் அழுத்தம் ஏற்றினார், பம்பு மீட்டரின் முள் மெல்ல மெல்ல இறங்கியது. எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஒரே ஒரு டைல்ஸை உடைத்தார். உள்ளே எல்போ ஜாயின்ட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. குழாய் வேலை, டைல்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்.

பின்பலகையைக் கழற்றியபோதுதான் வயிறு எரிந்தது. அது புதுப் பலகையே இல்லை! பழைய ப்ளைவுட்டின் மேலேயே புது மைக்காவை ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் கறுப்பு பூஞ்சணம், மை கொட்டின மாதிரி, சாவகாசமாகப் படர்ந்திருந்தது. ஆறு மாதம் அதன்மேல் சாய்த்துத்தான் பிள்ளைகளின் துணியை அடுக்கியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி இருந்தால், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஓரடிக்கு ஓரடி வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் என்றால் அறைக் காற்றின் ஈரம், அதற்குக் காற்றோட்டம் போதும். பூஞ்சணத்தை ப்ளீச் போட்டுத் துடைத்தால் கறை வெளுக்கும், அவ்வளவுதான். குழாயை அடைத்த பிறகும் உடனே பட்டி பார்க்க விடாதீர்கள். எங்கள் சுவர் ஃபேன் போட்டும் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். நிறுவனம் அடுத்த வேலையில் 5,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னது. அடுத்த வேலையாம்! மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். 5 லட்சம் வரை கட்டிய தொகைக்கான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன், ஜிபே ரசீது, கேரண்டி அட்டை இவற்றைத்தான் நம்பியிருக்கிறேன். அந்தப் பலகையையும் தூக்கிப் போடவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி பால்கனியில் சாய்த்து வைத்திருக்கிறேன். துணி காயப்போடப் போகும்போதெல்லாம் வீட்டுக்காரர் அதில் இடித்துக்கொண்டு முணுமுணுக்கிறார்.