கார்ன் ஸ்நேக்கைக் குளிர வைக்க: ஏற்காட்டு அறையா, சேலத்தில் ஒயின் கூலரா?

கார்ன் ஸ்நேக்கை (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) இனப்பெருக்கத்துக்கு விட நினைக்கிறவர்கள் அதற்கு முன் சில வாரம் அதைக் குளிரில் ஓய்வாகக் கிடக்க விடுவது வழக்கம், அதற்குச் சேலத்துக் குளிர்காலம் போதாது. ஜனவரியிலும் இரவு பெரும்பாலும் 18, 19 டிகிரியில் நின்றுவிடும், பகலில் 30ஐத் தொடும். பாம்புக்கு வேண்டியது 10 முதல் 15 டிகிரி, அதுவும் 8 முதல் 12 வாரம். ஆக இரண்டே வழி: வீட்டில் ஒயின் கூலர் (ஒயின் பாட்டில் வைக்கும் சின்னக் குளிர்பெட்டி) வாங்கி வைப்பது, இல்லையென்றால் ஏற்காட்டு மலைக்கு ஏற்றிவிடுவது. நான் மலை ஏற்றினேன். நாகலூர் பக்கம் சித்தப்பா வீட்டில் வெயில் படாத ஒரு அறை கிடைத்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எந்த வழியானாலும் பொதுவான விஷயங்கள் உண்டு. கடைசி இரை கொடுத்த பிறகு இரண்டு வாரமாவது வழக்கமான சூட்டிலேயே வைத்து வயிறு காலியாக விட வேண்டும், இல்லையென்றால் குளிரில் செரிக்காமல் உள்ளேயே அழுகிவிடும். இளைத்தது, நோயில் கிடந்தது வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். முட்டை வைக்கும் எண்ணமே இல்லையென்றால் குளிர வைக்கவே தேவையில்லை.

ஒயின் கூலரின் பலம் எல்லோருக்கும் தெரியும், 13 என்று வைத்தால் 13தான். சூரமங்கலத்தில் நண்பர் ஒருவர் அப்படித்தான் வைக்கிறார், பாம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. கதவை அடிக்கடி திறந்து காற்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய ஃப்ரிட்ஜில் தனியாக தெர்மோஸ்டாட் (குளிரைக் கட்டுப்படுத்தும் கருவி) மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: கெட்டுப்போனால் எந்தப் பக்கம் கெட்டுப்போகும்? ஃப்ரிட்ஜ் செய்யப்பட்டதே 4 டிகிரிக்காக. தெர்மோஸ்டாட்டுக்குள் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே ஒட்டிக்கொண்டாலோ, சூட்டை அளக்கும் ப்ரோப் இடம் மாறி வெளியே விழுந்தாலோ, அது நிற்காமல் ஓடி அந்த 4ஐ நோக்கித்தான் இறங்கும். நாம் தூங்கிக்கொண்டிருப்போம். குளிரில் கிடக்கிற பாம்பு நகர்ந்து தப்பிக்க முடியாது, நகர்ந்தாலும் அந்தப் பெட்டிக்குள் சூடான மூலை ஏது? ஒயின் கூலர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், ஆனாலும் அதுவும் மூடிய பெட்டிதான், பல மாடல்கள் 5 டிகிரி வரை இறங்கும். ஏற்காட்டில் என்ன நடந்தாலும் டிசம்பர், ஜனவரி இரவு பொதுவாக 12, 13 டிகிரி. தடித்த சுவர் உள்ள அறைக்குள் அது இன்னும் மட்டுப்படும். மலையில் கெடுவதென்றால் சூட்டுப் பக்கம்தான் கெடும். பகலில் வெளியே 22, 23 ஆகிவிடும், அறையும் கொஞ்சம் ஏறும், பாம்பு விழித்து ஊர்ந்து சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைக்கும். அது நம் கண்ணுக்குத் தெரிகிற கேடு. சமையலறைத் தராசில் வாராவாரம் எடை போட்டால் போதும், பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அத்தோடு நிறுத்திவிட்டுச் சூட்டுக்குக் கொண்டுவரலாம். பெட்டியை அலமாரியில் வைக்காமல் தரையில், வடக்குச் சுவரை ஒட்டி வைத்தால் பகல் சூடும் அவ்வளவாகத் தாக்காது. மூடியைத் திறந்தால் காகிதத்துக்கு அடியில் சுருண்டு கிடக்கும், கொஞ்ச நேரம் கழித்து நாக்கு மெதுவாக ஒரு தடவை வெளியே வரும், அப்படி இருந்தால் சரியான குளிரில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

மலையில் எனக்குக் கவலை தருவது குளிரை விட ஈரம். வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்திருக்கும் நவம்பரில் ஏற்றவே கூடாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் பாம்புக்கு நுரையீரல் தொற்று வரும்: வாயோரம் நுரை, மூச்சில் சத்தம், தலையைத் தூக்கியபடியே இருப்பது. இதில் எது தெரிந்தாலும் உடனே சூட்டுக்குக் கொண்டுவந்து டாக்டரிடம் காட்ட வேண்டும். அதனால்தான் மழை விட்டு, டிசம்பர் பாதிக்கு மேல் ஏற்றுகிறேன். அடியில் காய்ந்த காகிதம், தண்ணீர்க் கிண்ணம் கவிழாத கனத்தில்.

கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக் என்ற மற்ற வளர்ப்புப் பாம்புகள் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவற்றுக்கும் ஏறக்குறைய இதே அளவு என்கிறார்கள், நானாக வைத்துப் பார்த்ததில்லை. பால் பைத்தானை (ball python) மட்டும் தயவுசெய்து மலைக்குக் கொண்டுவராதீர்கள். அது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிப் பாம்பு, இரவில் 22, 23க்குக் கீழே இறங்க விடக் கூடாது. அதை வைத்திருப்பவர்கள் உயிருள்ள விலங்கினங்களைப் பதிவு செய்வதற்கான 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும். நம்மூர் சாரையை வீட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குச் சட்டப்படி கூடாது.

இறக்கும்போது அவசரம் வேண்டாம். பிப்ரவரி கடைசியில் சேலம் பகலில் 33, 34 ஆகிவிடும், 14 டிகிரியில் கிடந்த பாம்பை இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரே மணி நேரத்தில் அந்தச் சூட்டில் இறக்குவது நல்லதில்லை. மேலேயே வேறு அறைக்கு மாற்றி ஒரு வாரம் 20 டிகிரியில் வைத்து, அப்புறம் விடியற்காலையில் இறக்குங்கள். முதல் இரை சின்னதாக இருக்கட்டும், அதுவும் கீழே வந்து சில நாள் சூட்டில் இருந்த பிறகு.