கோலிக்குண்டு ஜாடி: வகுப்புக்கு எந்த அளவு பொருந்தும்?

நல்ல நடத்தைக்கு ஒரு குண்டு, ஜாடி நிரம்பினால் வகுப்புக்கே பரிசு. இதற்காக விற்கும் செட்டுகளில் முதலில் பார்க்க வேண்டியது ஜாடியின் கொள்ளளவு. ஒரு லிட்டர் ஜாடியில் 16 மி.மீ. குண்டு ஏறக்குறைய 250 பிடிக்கும். நாளுக்கு ஆறேழு போட்டால் நிரம்ப ஏழெட்டு வாரம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் ஜாடியையே மறந்துவிடும். சின்ன வகுப்புக்கு 300 மி.லி. போதும், சுமார் 70 குண்டு, இரண்டு வாரம். நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு அரை லிட்டர். பெரிய ஜாடி ஏற்கெனவே வாங்கியாயிற்றா? ஜாடியின் கால்வாசி உயரத்தில் கலர் டேப் ஒட்டி, அதுவரை வந்தாலே பரிசு என்று வையுங்கள்.

கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்றால் என் ஓட்டு கண்ணாடிக்கே. குண்டு விழும் அந்த 'டங்' சத்தத்துக்கே கடைசி பெஞ்சு நிமிரும். பிளாஸ்டிக்கில் மொத்தையாக 'டொக்' என்கிறது. ஆனால் காலி ஜாடியில் மேலிருந்து போட்டால் அடியில் விரிசல் விழலாம். அடி மூடும்வரை ஜாடியைச் சாய்த்து உருட்டி விடுங்கள். குண்டுக்குப் பதில் பஞ்சுப் பந்து வரும் செட் வேண்டாம். சத்தமும் கிடையாது, அமுக்கினால் மட்டமும் இறங்கும், அப்புறம் பஞ்சாயத்துதான்.

தப்பு செய்தால் குண்டைத் திரும்ப எடுக்கும் வழக்கம்தான் இந்த ஜாடியைக் கெடுப்பது. எடுத்த மறுநிமிடம் "உன்னாலதான் போச்சு" என்று முப்பது பேர் ஒரு பிள்ளைமேல் பாய்வார்கள். விழுந்த குண்டு விழுந்ததுதான்.

போடும்போது வெறும் "குட்" போதாது. "யாரும் சொல்லாமலே நாற்காலியை உள்ளே தள்ளிட்டுப் போனீங்க" என்று செய்ததைச் சொல்லி, அந்தக் கணமே போடவேண்டும். "அமைதியா இருந்தா ரெண்டு குண்டு" என்று முன்கூட்டிப் பேரம் பேசாதீர்கள். வரைய ஆசைப்படும் சின்னப் பிள்ளைகளை வைத்து 1973-இல் வெளியான ஆய்வில், பரிசு உண்டு என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் பிறகு தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

பரிசுக்குப் பொருள் வேண்டாம். பத்து நிமிடம் கூடுதல் விளையாட்டு, பிடித்த இடத்தில் உட்காருவது, ஒரு கதை போதும்.

அடிக்கடி கைநீட்டும் ஒரு பிள்ளையைத் திருத்த இது உதவாது. அதற்குத் தனியாக உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

மிச்சக் குண்டுகளை டிராயரில் பூட்டுங்கள். ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தால் எண்ணிக்கை தானாகவே கூடும்.