ஒரே நெல்லிக்காய், ஐந்து மதிப்பெண்கள்

உணவின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளக்கப் பல முறைகள் உண்டு. அவற்றில் ஒன்றான ஓராக்கில் கிராம்பின் மதிப்பு 100 கிராமுக்குச் சுமார் 3 லட்சம் மைக்ரோமோல் என்று அட்டவணையின் ஒரு கட்டத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் டிபிபிஎச் என்ற இன்னொரு முறையில் ஏதோ ஒரு பழச்சாறு பெற்ற சதவீதம் இருக்கும். எதில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்று கீழே ஒரு கேள்வியும் இருக்கும். இப்படிப்பட்ட அட்டவணைகள் இணையத்தில் ஏராளம். படியால் அளந்ததையும் முழத்தால் அளந்ததையும் ஒப்பிடும் வேலை இது. கிராம்பு உலர்ந்த சரக்கு, சாறு பெரும்பாலும் நீர் என்பது போகட்டும். 100 கிராம் கிராம்பை ஒரே வேளையில் மென்று விழுங்கியவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

ஆய்வகத்தில் அதிகம் புழங்கும் முறைகள் ஐந்து: டிபிபிஎச், ஏபிடிஎஸ், ஃப்ராப், ஃபோலின், ஓராக். முதல் இரண்டில் நிறம் வெளுப்பதை அளக்கிறோம், அடுத்த இரண்டில் நிறம் உருவாவதை. கடைசியில் ஒளிரும் சாயம் ஒன்று எவ்வளவு தாமதமாக மங்குகிறது என்று பார்க்கிறோம். ஃபோலினில் வரும் விடையைக் காலிக் அமிலத்தோடும், மற்றவற்றில் பெரும்பாலும் வைட்டமின் ஈ-யின் நீரில் கரையும் உறவான ட்ரோலாக்ஸோடும் ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம்.

கல்லூரி ஆய்வகங்களில் யோசிக்காமல் கை நீளுவது டிபிபிஎச் பக்கம்தான். 1958-இல் பிளாய்ஸ் முன்வைத்த முறை. ஆன்டிஆக்ஸிடன்ட் அடக்க வேண்டிய ரேடிக்கல் (இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறு) பொடியாகவே கிடைக்கும். மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா நிறம் வரும். மாதிரியைச் சேர்த்து அரை மணி நேரம் இருட்டில் வைத்தால் மஞ்சளாக வெளுக்கும். 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது. இவ்வளவு எளிதாக இருப்பதே அதன் ஆபத்து. நாவல்பழச் சாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பு நிறமிகளும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் ஒளியை உறிஞ்சுகின்றன. டிபிபிஎச் முழுக்க வெளுத்த பிறகும் பழத்தின் நிறத்தைப் பார்த்து, ரேடிக்கல் இன்னும் மிச்சமிருக்கிறது என்று கருவி எண்ணிக்கொள்ளும். சாறு மட்டும் கலந்த வெற்று மாதிரியை அளந்து கழிக்காவிட்டால், நல்ல பழத்துக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. டிபிபிஎச் மூலக்கூறில் வினை நடக்கும் நைட்ரஜனைப் பெரிய வளையங்கள் சூழ்ந்து நிற்கின்றன. சிறிய மூலக்கூறுகள் எளிதாக நெருங்கிவிடும், துவர்ப்புத் தரும் பருத்த டானின்கள் திணறும். போதாக்குறைக்கு முடிவை ஐசி50 என்று, அதாவது ரேடிக்கலில் பாதியை அடக்கத் தேவையான மாதிரியின் அளவாக, எழுதுகிறார்கள். அதில் எண் சிறியதாக இருந்தால்தான் திறன் அதிகம். படிப்பவர்களில் பாதிப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நாவல்பழம், பீட்ரூட், மஞ்சள் போன்ற நிறக்காரர்களுக்கு நான் ஏபிடிஎஸ்ஸையே தேர்ந்தெடுப்பேன். பொட்டாசியம் பெர்சல்பேட்டுடன் கலந்து 12 முதல் 16 மணி நேரம் இருட்டில் வைத்தால் நீலப்பச்சை ரேடிக்கல் உருவாகும். அளப்பது 734 நானோமீட்டரில். அந்த எல்லையில் இந்தக் காய்கனிகளின் நிறங்கள் தலையிடுவதில்லை. நீரிலும் வேலை செய்யும், எத்தனாலிலும் வேலை செய்யும். குறை என்றால், முந்தைய நாளே கரைசலைத் தயாரித்தாக வேண்டும். தவிர, இது உடம்பில் எங்கும் இல்லாத ரேடிக்கல். டிபிபிஎச்சும் அப்படித்தான் என்பதால் இதில் இரண்டுக்கும் சமநிலை. பால் சேர்த்த டீயிடம் மட்டும் இரண்டும் தோற்கும். பாலின் கலங்கல் ஒளியைச் சிதறடித்துவிடும் என்பதால் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றித் தெளியவைக்காமல் அளப்பதில் பொருளில்லை.

நெல்லிக்காயில் சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. அதில் வைட்டமின் சி-யும் உண்டு, டானின்களும் உண்டு. ஃப்ராப் முறையை 1996-இல் பென்சியும் ஸ்ட்ரெயினும் வெளியிட்டது ரத்தப் பிளாஸ்மாவை அளக்க. பிஎச் 3.6-இல், ஃபெரிக் இரும்பு ஃபெரஸாக மாறும்போது உண்டாகும் நீல நிறத்தை 593 நானோமீட்டரில் படிக்கிறோம். மூல முறையில் காத்திருக்கும் நேரம் 4 நிமிடம். வைட்டமின் சி அதற்குள் தன் வேலையை முடித்துவிடும். டானின்கள் அப்போதுதான் தொடங்கியிருக்கும், அரை மணி நேரம் கழித்தும் நிறம் ஏறிக்கொண்டே போகும். எனவே 4 நிமிட நெல்லிக்காயும் 30 நிமிட நெல்லிக்காயும் ஒன்றல்ல. நேரத்தைக் குறிப்பிடாத ஃப்ராப் எண்ணை நான் படிப்பதே இல்லை. குளூட்டாதயோன் போன்ற கந்தகச் சேர்மங்களையும் இந்த முறை கண்டுகொள்வதில்லை. 2004-இல் இஸ்தான்புல்லிலிருந்து வந்த குப்ராக், இரும்புக்குப் பதில் தாமிரத்தை வைத்து அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் அதை அளப்பது 450 நானோமீட்டரில் என்பதால் மஞ்சளிடம் மாட்டிக்கொள்ளும்.

ஃபோலின் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெயர் 'மொத்த ஃபீனால்' (டானின் போன்ற தாவரச் சேர்மங்கள்) என்றாலும் வைட்டமின் சி-யையும் குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகளையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நெல்லிக்காயில் வைட்டமின் சி-யைத் தனியே அளந்து கழிக்காமல் ஃபீனால் அளவு என்று எழுதுவது பொய்க்கணக்கு.

ஓராக், காகிதத்தில் பார்த்தால் எல்லாவற்றையும்விட நேர்த்தியானது. 37 டிகிரி, பிஎச் 7.4, உடம்பிலும் உண்டாகும் வகையைச் சேர்ந்த பெராக்சில் ரேடிக்கல். ஃப்ளோரசீன் மங்குவதை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்து, வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பைக் கணக்கிடுகிறார்கள். அதனால் வேகமும் நீடிப்பும் ஒரே எண்ணில் வந்துவிடுகின்றன. ஆனால் ஒளிர்வை அளக்கும் பிளேட் ரீடர் வேண்டும், அது விலை அதிகம். ரேடிக்கல் உண்டாவதே வெப்பத்தால் என்பதால், மாதிரிகளை ஊற்றும் பிளேட்டின் ஓரக் குழிகள் சூடேறுவதில் சற்றுப் பிந்தினாலும் அளவு மாறிவிடும். இத்தனைக்கும் பிறகு அதன் கதி என்ன? அமெரிக்க வேளாண்மைத் துறை 2007-இல் உணவுகளின் ஓராக் பட்டியலை வெளியிட்டது, 2010-இல் விரிவாக்கியது, 2012-இல் இணையதளத்திலிருந்தே எடுத்துவிட்டது. உணவு நிறுவனங்களும் சத்து மாத்திரை நிறுவனங்களும் அந்த எண்களை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன, சோதனைக் குழாயில் கிடைக்கும் எண் உடம்பில் என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அது சொன்ன காரணம்.

அதற்கு நல்ல சாட்சி ஆப்பிள். ஆப்பிள் தின்றவர்களின் பிளாஸ்மாவில் ஃப்ராப் மதிப்பு ஏறியது உண்மை. ஆனால் அந்த ஏற்றத்துக்குக் காரணம் பழத்தின் ஃபிளேவனாய்டுகள் என்ற தாவர ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் அல்ல, பழத்திலுள்ள ஃப்ரக்டோஸ் உடம்பில் யூரிக் அமிலத்தை உயர்த்தியதுதான் என்று ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லொட்டிட்டோவும் ஃபிரையும் 2004-இல் காட்டினார்கள். யூரிக் அமிலமும் ஃப்ராப் கண்ணுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட்தான்.

மாணவர் யாராவது என்னிடம் வந்தால் சொல்வது இதுதான்: நிறமுள்ள சாறா, ஏபிடிஎஸ். நிறமில்லாத மெத்தனால் சாரமா, டிபிபிஎச் போதும், முடிவை ஐசி50-ஆக இல்லாமல் ட்ரோலாக்ஸில் எழுதுங்கள். நெல்லிக்காயா, ஃப்ராப்பை 4 நிமிடத்திலும் 30 நிமிடத்திலும் படித்து இரண்டு எண்களையும் கொடுங்கள். அட்டவணையின் தலைப்பிலேயே ஈர எடையா உலர் எடையா என்று எழுதிவிடுங்கள். நெல்லிக்காயில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். அந்த ஒரு சொல் விடுபட்டால், காயவைத்த ஒரே காரணத்துக்காகப் பொடி பச்சைக் காயைவிட ஐந்து மடங்கு உயர்ந்ததாகத் தெரியும்.