செம்பனை ஆலைப் புகைக்கு எந்தக் கரைசல்?

மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கம் எங்கள் டவுனில் எங்கே நின்றாலும் செம்பனை ஆலையின் புகைபோக்கி தெரியும். அதில் போகிற கரியமிலவாயுவை ஏதாவது கரைசலில் பிடித்து வைக்க முடியாதா என்று கோப்பிக் கடையில் தம்பி கேட்டான். பிடிக்கலாம், தம்பி. பிடித்ததைத் திரும்ப விடுவிக்கத்தான் செலவு.

முதலில் அமீன், அதாவது கரியமிலவாயுவோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு காரச் சேர்மம். வழக்கமான கலவை மோனோஎத்தனாலமீன் என்ற அமீன் 30 பங்கு, தண்ணீர் 70 பங்கு. 1930-லேயே பாட்டம்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய பழைய வித்தை. கோபுரத்தில் மேலிருந்து கரைசல் இறங்கும், கீழிருந்து புகை ஏறும். 40 டிகிரியில் வாயு ஒட்டிக்கொள்ளும், 120 டிகிரிக்குச் சூடாக்கினால் கழன்றுவிடும். ஒரு டன் வாயுவுக்கு 3.5 முதல் 4 கிகாஜூல் வரை வெப்பம் வேண்டும், அதில் நல்ல பங்கு வெறும் தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. ஆலையில் அந்தச் சூட்டுக்கு என்ன இருக்கிறது? பழக்குலை வேகிற 3 பார் நீராவிதான். இதற்குத் திருப்பினால் குலை வேகாது. போதாததற்குப் புகையிலுள்ள ஆக்சிஜன் அமீனைக் கெடுக்கும். சாம்பலைக் கழுவாமல் விட்டால் கரைசல் நுரைக்கும்.

பொட்டாசியம் கார்பனேட் கெடாது, ஆவியாகாது, விலையும் குறைவு. ஆனால் அழுத்தமான வாயுவில்தான் அதன் திறமை. புகைபோக்கியில் ஆமை வேகம்.

அமோனியா? ரப்பர் பால் உறையாமலிருக்க அம்மா வாளியில் ஊற்றுவாரே, அதே காரம், கண்ணில் நீர் கொட்டும். ஆக்சிஜனுக்குக் கெடாது என்பது சரி. ஆனால் ஆவியாகித் தப்பாமலிருக்கக் கரைசலைக் குளிர்விக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்தக் கரண்டு பில்லை யார் கட்டுவது? எனக்கு இது வேண்டாம்.

நான் கை வைப்பதானால் புகைபோக்கியை விட்டுவிட்டு ஆலையின் கழிவுநீர்க் குளத்துக்குப் போவேன். அதை மூடினால் கிடைக்கும் வாயுவில் ஏறக்குறைய 60 சதம் மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமிலவாயு. இரண்டையும் பிரிக்க, அழுத்தம் கொடுத்து வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும். மீத்தேனைவிடக் கரியமிலவாயு பல மடங்கு எளிதாகக் கரையும். அழுத்தத்தைக் குறைத்தால் வெளியே வந்துவிடும், நீராவி தேவையில்லை. தண்ணீரோடு கொஞ்சம் மீத்தேன் நழுவும், வெயில் நேரத்தில் தண்ணீரும் அதிகம் பிடிக்கும். அமீன் வைத்தால் அந்த நழுவல் மிகக் குறைவு, ஆனால் மறுபடி நீராவிக் கணக்கு.

அமீன் நன்றாக ஓடுகிற இடமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குரூண் பெட்ரோனாஸ் உர ஆலையில் 1999-இல், மிட்சுபிஷியும் கான்சாய் மின் நிறுவனமும் உருவாக்கிய மேம்பட்ட அமீனால் நாளுக்குச் சுமார் 200 டன் பிடிக்கும் அமைப்பை நிறுவினார்கள். அங்கே எரிவது இயற்கை எரிவாயு, புகை சுத்தம்.

“பிடித்ததை என்ன செய்கிறார்கள்?” என்றான் தம்பி. யூரியா. செம்பனைக்குப் போடுகிறோமே, அதேதான். மண்ணில் சிதையும்போது அந்த வாயு திரும்பவும் வெளியே வந்துவிடும்.