போஸ்ட்ஃபிக்ஸ் க்யூவும் ஏலக்காய் விலை மெயிலும்: ஆறு வருட அனுபவம்

இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் வியாபார அலுவலகத்தின் மெயில் சர்வரை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் புற்றடியிலும் போடியிலும் நடக்கிறது. ஏலம் முடிந்ததும் அன்றைய விலை விவரத்தைத் தோட்டக்காரர்களுக்கு அவரவர் பெயர் போட்டுத் தனித்தனி மெயிலாக அனுப்புகிறோம், சுமார் 1,200 மெயில். போடியிலும் கம்பத்திலும் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டோரில் கிடக்கும் காயை விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்கிறார்கள். அந்த மெயில் மறுநாள் போய்ச் சேர்ந்தால் பயனில்லை.

சர்வரில் இருப்பது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள். வீட்ஸே வெனிமா எழுதி 1998-இல் வெளியானது. ஆறு வருடத்தில் அது தானாக விழுந்ததே இல்லை. ஆனால் க்யூவுக்கு, அதாவது அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசைக்கு, வரம்பு வைக்கும் விஷயத்தில் நான் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'மொத்தம் இத்தனை மெயிலுக்கு மேல் க்யூவில் நிற்கக் கூடாது' என்று சொல்ல போஸ்ட்ஃபிக்ஸில் ஒற்றை அமைப்பு கிடையாது. இது தெரியாமல், ஆக்டிவ் க்யூவின் (இப்போது அனுப்புவதற்காக எடுத்து வைத்திருக்கும் மெயில்கள்) வரம்பைத்தான் மொத்த வரம்பு என்று நினைத்து, இயல்பாக 20,000 இருப்பதை 1,000 ஆக்கி வைத்திருந்தேன். மூன்றாம் வருடம் ஒருவருடைய பாஸ்வேர்ட் வெளியே போய்விட்டது. காலையில் வந்து பார்த்தால் க்யூவில் 38,000 குப்பை மெயில்! அன்று ஏல நாள். ஆக்டிவில் இருந்த 1,000 இடத்தையும் குப்பையே பிடித்துக்கொண்டதால் விலை மெயில் எல்லாம் இன்கமிங்கில், அதாவது புதிதாக வந்த மெயில் காத்திருக்கும் இடத்தில், நின்றுவிட்டது. ஆக்டிவ் நிறைந்தால் க்யூ மேனேஜர் புதிதாக எதையும் உள்ளே எடுக்காது. உள்ளே வருவதை அந்த வரம்பு தடுக்காது, வந்ததை வெளியே காக்க வைக்கும், அவ்வளவுதான். அதைக் குறைத்து வைத்து நானே நெரிசலைக் கூட்டியிருந்தேன். இப்போது அது 20,000-லேயே இருக்கிறது.

அன்று எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் விலை மெயிலும் போயிருக்கும். அந்த லாகினை முடக்கினேன். க்யூவைக் காட்டும் போஸ்ட்க்யூ கட்டளை தரும் ஜேசன் பட்டியலில் (நிரல்கள் எளிதாகப் படிக்கும் வடிவம்) அந்த அனுப்புநர் முகவரி இருந்த மெயில்களின் க்யூ ஐடிகளை மட்டும் பிரித்து, க்யூவிலிருந்து மெயிலை நீக்கும் போஸ்ட்சூப்பர் கட்டளையிடம் கொடுத்து அழித்தேன். ஜேசன் பட்டியல் 3.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் இதற்காகவே மாறலாம்.

அப்புறம் வரம்பை வாசலிலேயே வைக்க முடிவு செய்தேன். போஸ்ட்ஃபிக்ஸிலேயே நிமிடத்துக்கு இத்தனை மெயில் என்று கிளையண்ட்வாரியாக, அதாவது வந்து இணையும் கணினிவாரியாக, வரம்பு வைக்கலாம். அதில் எனக்கு மூன்று சிக்கல். அது ஐபி முகவரியைத்தான் எண்ணும்; திருடிய பாஸ்வேர்டை வைத்து அனுப்புகிறவன் நூறு ஐபியிலிருந்து வருவான். நம்பகமான முகவரிகளின் பட்டியலான மைநெட்வொர்க்ஸில் இருக்கும் முகவரிகளுக்கு அந்த வரம்பு இயல்பாகவே பொருந்தாது, எனவே வண்டன்மேடு அலுவலகம் முழுக்க விலக்கு. போடி கிளையில் ஏழு கணினிகளும் ஒரே பொது ஐபியில் வருவதால் ஏழும் சேர்ந்து ஒரே ஆளாக எண்ணப்பட்டன. "அண்ணே, ஒரு மெயில்கூடப் போக மாட்டேங்குது, ஏதோ 450-னு வருது" என்று (450 என்பது தற்காலிக மறுப்புக்கான எண்) போடியிலிருந்து போன் வந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

கடைசியில், மெயிலை ஏற்கலாமா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டுக்கொள்ளும் பாலிசி சர்வீஸ் ஒன்றை இணைத்து, லாகின் பெயரை வைத்து எண்ண வைத்தேன். பெறுநர் முகவரியைச் சொல்லும் ஆர்சிபிடி கட்டத்தில் கேட்க வைத்ததால் ஒவ்வொரு பெறுநரும் கணக்கில் வருகிறார். ஒரே மெயிலில் 200 பேரைப் போட்டு ஏமாற்ற முடியாது. சாதாரண லாகினுக்கு மணிக்கு 60 பெறுநர், விலை மெயில் லாகினுக்கு மட்டும் 1,500. மீறினால் தற்காலிக மறுப்பு. இதற்குப் பிறகு இரண்டு தடவை பாஸ்வேர்ட் கசிந்தது. இரண்டு தடவையும் க்யூ சில நூறைத் தாண்டவில்லை. எனக்கு மிகவும் பலன் கொடுத்த மாற்றம் இதுதான்.

மற்றவை சின்ன விஷயம். டிஸ்கில் இவ்வளவு இடமாவது காலியாக இருந்தால்தான் மெயில் வாங்கும்படி வைக்கலாம். அந்த அளவு, ஒரு மெயிலுக்கான உச்ச அளவைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். மெயில் அதிகம் போகும் ஒரு பெரிய மெயில் சேவைக்குத் தனி டிரான்ஸ்போர்ட் (அனுப்பும் வழி) வைத்து ஒரு விநாடி இடைவெளி விட்டேன். அங்கே போகும் 900 மெயிலுக்கு 15 நிமிடம் ஆகிறது, ஆனால் அவர்கள் திருப்பி அனுப்புவது நின்றுவிட்டது.

ஒரு மெயில் க்யூவில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை மட்டும் நான் குறைக்கவில்லை. இயல்பாக 5 நாள். க்யூ சிறியதாக இருக்கட்டும் என்று ஒரு நாளாகக் குறைக்கச் சொல்வார்கள். எங்கள் மலையில் அது சரிப்படாது. ஆடி மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் இணைப்பு வர இரண்டு நாளும் ஆகும். உண்மையான மெயிலை அதற்குள் திருப்பி அனுப்பிவிட்டால் யாருக்கு நஷ்டம்? அனுப்ப முடியவில்லை என்று திரும்பும் பவுன்ஸ் மெயிலுக்கு மட்டும் ஒரு நாள் வைத்தேன். இணைப்பு வந்ததும் ஒரே ஒரு தடவை ஃப்ளஷ் (நிற்பதை எல்லாம் உடனே அனுப்பிப் பார்க்கச் சொல்லும் கட்டளை) கொடுக்கிறேன், இல்லையென்றால் அடுத்த முயற்சிக்கு 4,000 விநாடி வரை காக்க வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை ஃப்ளஷ் கொடுப்பது தவறு. போகாத மெயிலையே மறுபடி மறுபடி முட்டிப் பார்த்து, போகக்கூடியதையும் அது தாமதப்படுத்தும்.

தாமத அறிவிப்பு இயல்பாக அணைந்திருக்கும், அதை 4 மணி நேரத்துக்கு வைத்தேன். போன மழையில் கேபிள் அறுந்து க்யூ 340 வரை ஏறியது. "தம்பி, நான் அனுப்புன பில் இன்னும் போகலைன்னு மெயில் வந்திருக்கே?" என்று கணக்குப் பார்க்கும் அக்கா கேட்டார். ஆமாம் என்றேன். உடனே போனை எடுத்து போடி வியாபாரியிடம் லாட் நம்பரையும் எடையையும் வாசித்துச் சொல்லிவிட்டார். மறுநாள் மாலை இணைப்பு வந்தது. அரை மணி நேரத்தில் 340-ம் போய்ச் சேர்ந்தது.