₹14,800 வாங்கிக்கொண்டு நல்ல பிஸ்டனையே கழற்றி எடுத்துக்கொண்டார்கள்: மரம் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் கவனம்

செயின்சா, புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் என்று எது வைத்திருந்தாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் சர்வீஸுக்குக் கொடுக்கும் நேரம் இது. கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். புதுச்சேரியில் விவசாயக் கருவி விற்பனையும் சர்வீஸும் சேர்த்து நடத்தும் ஒரு கடையில் என்னிடம் ₹14,800 வாங்கினார்கள். வாங்கிக்கொண்டு, என் மெஷினில் இருந்த ஒரிஜினல் பிஸ்டனையும் சிலிண்டரையும் எடுத்துவிட்டு, எந்தக் கம்பெனி முத்திரையும் இல்லாத மட்டமான செட்டைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போகிறேன், அதனால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. மெஷினைக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் மரம் அறுக்கும் வேலை செய்கிறவன். முந்திரித் தோப்பில் கவாத்து, வீட்டு மேல் சாய்ந்த வேம்பு, சவுக்கு, காற்றில் விழுந்த பலா என்று எது வந்தாலும் போவோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது இந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா அப்போது கோடாலியும் ரெண்டு பேர் இழுக்கும் ரம்பமும் வைத்துத்தான் வேலை செய்தார். அதற்கப்புறம் காசு சேர்த்து நான் வாங்கிய மெஷின் இது. 45 சிசி இன்ஜின், 18 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு). 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியதே, மறுநாள் காலையிலிருந்து ரோட்டை மறித்த மரங்களை இதே மெஷினில்தான் அறுத்துத் தள்ளினோம். ஒரு தடவைகூட நடுவில் கைவிட்டதில்லை.

இப்போது இருந்த கோளாறு சின்னது. ஐட்லிங்கில் நிற்காமல் அணைந்துவிடும், சூடாகிவிட்டால் மறுபடி கிளம்பச் சண்டித்தனம் பண்ணும். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அழுத்துகிற பலம், நன்றாகத்தான் இருந்தது. ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினை அப்படியே தூக்கிப் பார்த்தேன். கம்ப்ரஷன் போன மெஷின் சடசடவென்று கீழே இறங்கிவிடும். இது நின்று நின்று மெதுவாகத்தான் இறங்கியது. கார்புரேட்டர்தான் கோளாறு என்று எனக்குத் தெரியும். வழக்கமாகப் பார்க்கும் பண்ருட்டி மெக்கானிக் கண் ஆபரேஷன் செய்துகொண்டு ஓய்வில் இருந்ததால் புதுச்சேரிக்குக் கொண்டு போனேன்.

பெரிய கடை. சுவர் முழுக்கப் புது மெஷின்கள் மாட்டியிருந்தன, வாசலில் 'ஒரிஜினல் ஸ்பேர்ஸ்' என்று போர்டு. ஓனருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "எங்க மாமனார் வீடு காடாம்புலியூர்தான் தம்பி, தானேல எங்க தோப்பும் போச்சு" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். எந்த மரம் அறுக்கிறேன், என்ன ஆயில் ஊற்றுகிறேன் என்று பொறுமையாகக் கேட்டார். மெஷினைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், நாளைக்கு வாங்க என்றார்.

மறுநாள் போனால் கவுன்ட்டர் மேல் பேப்பர் விரித்து ஒரு பிஸ்டன் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஆழமாகக் கோடு கோடாகக் கிழிந்து, ரிங் ஒட்டிக்கொண்டு கிடந்தது. "தொட்டுப் பாருங்க தம்பி, உங்களுதுதான்" என்று என் கையில் கொடுத்தார். விரலை வைத்துத் தேய்த்தால் நகம் மாட்டுகிறது. கம்ப்ரஷன் நல்லாத்தானே இருந்தது என்று கேட்டேன். "ஆரம்பத்துல தெரியாது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா கிராங்க்கும் சேர்ந்து போயிருக்கும்" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். அதை நினைத்தால்தான் இப்போதும் கை நடுங்குகிறது. "இது சோறு போடுற மெஷின். இதுல டூப்ளிகேட் போட்டா அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது."

சிலிண்டர் பிஸ்டன் செட் ₹11,300, கார்புரேட்டர் ₹2,200, கூலி ₹1,300. மொத்தம் ₹14,800. புது மெஷின் முப்பதாயிரத்துக்கு மேல். ஒரிஜினல் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பில் கேட்டேன். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று சொல்லி, எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அந்த பில் இன்றுவரை வரவில்லை. பழைய பார்ட்டைக் கேட்டேன். தயங்காமல் அந்தப் பிஸ்டனைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான் கடைப் பையன்.

புதுப் பிஸ்டன் என்பதால் முதலில் சின்னக் கிளைகளாகப் பார்த்து, இழுத்துப் பிடிக்காமல் ஓட்டினேன். பிறகு நெய்வேலி பக்கம் ஒரு தோப்பில் சாய்ந்து நின்ற பலா. பாதி அறுப்பு உள்ளே போயிருக்கும்போது மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அப்படியே நின்றது. கயிறு அசையவே இல்லை. பார் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது. பாதி அறுத்த சாய்ந்த மரத்துக்குக் கீழே நிற்பது என்றால் என்னவென்று இந்த வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மச்சான் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டதால் நான் பின்னால் வந்தேன். சின்ன மெஷினை வைத்துத்தான் அந்த மரத்தை இறக்கினோம்.

அன்று சாயங்காலமே பண்ருட்டி மெக்கானிக் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, தன் மகனைப் பிரிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக வாங்கித் தடவிப் பார்த்தார். சிலிண்டர் வார்ப்பில் கம்பெனி முத்திரையே இல்லை. உள்ளே காற்றும் புகையும் போய்வரும் ஓட்டைகளின் (போர்ட்) ஓரங்களை வழவழப்பாகத் தேய்க்காமல் கத்தி மாதிரி விட்டிருக்கிறார்கள், ரிங் அதில் மாட்டி உடைந்திருக்கிறது. கார்புரேட்டரில், வேகமாக ஓடும்போது போகிற பெட்ரோல் அளவை வைக்கும் எச் ஸ்குரூவை அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் மெஷின் வீறிட்டுக்கொண்டு ஓடும், கேட்பதற்கு நல்ல வேகம் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே போகிற பெட்ரோல் குறையும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதானே போகிறது, அதனால் ஆயிலும் குறையும். சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் நான் பத்திரமாக வைத்திருந்த 'பழைய' பிஸ்டனை எடுத்துக் கொடுத்தேன். வெர்னியர் வைத்து மகன் அளந்தான். குறுக்களவு 45.2 மில்லிமீட்டர் வருகிறது என்றான். என் மெஷினின் சிலிண்டர் 42.5 மில்லிமீட்டர். அந்தப் பிஸ்டன் என் மெஷினுக்குள் போகவே போகாது! அது சந்தையில் கிடைக்கிற 58 சிசி சீன மெஷினின் பிஸ்டன். வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டுவதற்கென்றே ஒரு கிழிந்த பிஸ்டனை வைத்திருந்திருக்கிறார்கள். என்னுடைய நல்ல பிஸ்டன் எங்கே, யார் மெஷினில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. உண்மையான கோளாறு கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் விறைத்துப் போனதாகத்தான் இருக்கும் என்கிறார் மெக்கானிக். சில நூறு ரூபாய் வேலை. அதற்கு ₹14,800.

இதைவிடக் கோபம் வருவது இன்னொன்றுக்கு. கிளட்ச் கவரைக் கழற்றினால் செயின் பிரேக்கின் ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவி உள்ளே கிடந்தது. அரைகுறையாக மாட்டியிருக்கிறார்கள். காலையில் வேலை தொடங்கும்போது முன் தடுப்பைத் தட்டிப் பார்த்தேன், செயின் நின்றது. நடுவில் எப்போதோ நழுவியிருக்கிறது. பாரின் மூக்கு மேல் பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தைப் பார்த்துத் துள்ளி வரும். அப்போது கைக்கு முன்னால் இருக்கும் அந்தத் தடுப்புதான் ஒரு நொடிக்குள் செயினை நிறுத்த வேண்டும். அது இல்லாமல் நான் மரத்தடியில் நின்று அறுத்திருக்கிறேன். பணத்தை எடுத்தார்கள், சரி. உயிரையுமா?

கடைக்கு போன் செய்தேன். முதலில், "புது பிஸ்டன ஃபுல் திராட்டில்ல ஓட்டியிருப்பீங்க". இல்லை என்றதும், "ஆயில் கம்மியா கலந்திருப்பீங்க". லிட்டருக்கு 20 மில்லி, கம்பெனி சொன்ன ஆயில், அளவுக் குப்பியில் ஊற்றித்தான் கலக்கிறேன். டேங்கில் மிச்சமிருந்ததைப் பாட்டிலில் பிடித்து நேரில் கொண்டுபோய்க் காட்டினேன், ஆயில் நிறம் கண்ணுக்கே தெரிகிறது. உடனே பேச்சு மாறியது. "இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு தம்பி, அதுக்கு நாங்க என்ன பண்றது?" எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பரைக் கெடுக்கும், எல்லாம் உண்மைதான். எத்தனால் பிஸ்டனை 45.2 மில்லிமீட்டராக ஊதிப் பெரிதாக்குமா? இதைக் கேட்டபோது ஓனர் பதில் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். பிரித்த டெக்னீஷியன் லீவு, அவன் வந்தால்தான் பேச முடியும் என்று பையன் சொன்னான். அடுத்து போனால் ஓனர் காரைக்கால் போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது, பதில் இல்லை.

கடைசியாக ஓனரே போனை எடுத்துச் சொன்னது: "சரி தம்பி, பிரச்சனை வேணாம். அந்த மெஷின எங்ககிட்டயே போட்டுடுங்க, புதுசு எடுத்துக்குங்க, நாலாயிரம் கழிச்சுத் தர்றேன்." என் ₹14,800-ஐயும் வாங்கி, என் பிஸ்டனையும் எடுத்து, மிச்ச மெஷினையும் நாலாயிரத்துக்குக் கேட்கிறார். பில் இல்லாமல் யாரிடம் போய்ச் சொல்வீர்கள் என்றும் கேட்டார்.

சொல்வேன். பணம் ஜிபே-யில் போயிருக்கிறது, எஸ்டிமேட் சீட்டு இருக்கிறது, அந்தப் பிஸ்டன் இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை புதுச்சேரியில் இருந்தாலும் நான் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. வேலை போன கூலியையும் சேர்த்துக் கேட்கப் போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசு நிலையில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் மெஷினின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள். சைலன்சரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டன் தெரியும், கடைக்காரரைக் கழற்றச் சொல்லி உங்கள் கண்ணால் பார்த்த பிறகு 'பிஸ்டன் போச்சு' என்பதை நம்புங்கள். பழைய பார்ட் கொடுத்தால் அங்கேயே அளக்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில்லில் பார்ட் நம்பர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் மெஷினை ஓடவிட்டு மணிக்கட்டால் முன் தடுப்பைத் தள்ளுங்கள், செயின் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், வேலை நடுவிலும் இதைச் செய்யுங்கள். வேலை இல்லாத நாட்களில் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

இதே மாதிரி கவுன்ட்டர் மேல் கிழிந்த பிஸ்டனைக் காட்டி யாரிடமாவது காசு வாங்கியிருந்தால், அந்தப் பிஸ்டனைத் தூக்கிப் போட்டுவிடாமல் கீழே கமென்ட்டில் சொல்லுங்கள். ரெண்டு மூன்று பேராகச் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.