முத்திரை இல்லாத துப்பாக்கியைப் பழசு என்று விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

பென்சில்வேனியா பக்கம் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைக்குப் போகிற பழக்கம் உள்ளவர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். எனக்கு 1,850 டாலர் போனது. பணம் போனதைவிட, அந்த வியாபாரி துப்பாக்கியிலிருந்து எதை அழித்துவிட்டு விற்றார் என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நான் வாங்கியது ஒரு ‘கென்டக்கி பிஸ்டல்’. பேர்தான் கென்டக்கி. உண்மையில் இங்கே பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், பெர்க்ஸ் வட்டாரங்களில் குடியேறிய ஜெர்மன் வழிக் கொல்லர்களின் பட்டறை மரபில் வந்தது. வாய்ப்பக்கமாகக் கரிமருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் சுடுவது. அசல் கிடைப்பது அபூர்வம். அந்த ஆசையில்தான் விழுந்தேன்.

பித்தளையில் பச்சைக் களிம்பு, மரத்தில் மயிரிழை விரிசல், எண்பட்டைக் குழல் முழுக்கப் பழுப்பேறிய துரு. எல்லாம் பார்க்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. “எங்கேயும் ஒரு முத்திரைகூட இல்லையே?” என்று கேட்டேன். “கிராமத்துக் கொல்லன் செய்தது. முத்திரை இல்லாததுதான் அசலுக்கு அடையாளம்” என்றார். இது பாதி உண்மை. பெயர் பொறிக்காத அசல்களும் உண்டு. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியை நம்ப வைத்தார். குழலைக் கழற்றிக் காட்டச் சொன்னதற்கு, “ஆணியைத் தட்டினால் பழைய மரம் பிளந்துவிடும், மதிப்பே போய்விடும்” என்று பதறினார். நானும் மேற்கொண்டு கேட்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

இங்கே இந்த வகைத் துப்பாக்கிகளைச் சுடுகிறவர்களின் சங்கம் ஒன்றில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பழசா புதுசா என்றே பார்க்கவில்லை. ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டார். குச்சியை உருவி வெளிப்பக்கம் குழலோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். முனை, பொறி உள்ளே போகிற பக்கவாட்டு நெருப்புத் துளைக்கு நேராக வந்தது. உள்ளே எதுவும் கெட்டித்து இல்லை. குச்சி முன்னாலேயே நின்றிருந்தால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம் என்று அர்த்தம். யாரோ எப்போதோ கெட்டித்து மறந்தவை இன்றும் வெடிக்கும். நான் அதை மூன்று நாள் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தேன், என் பையன் கையில் எடுத்துப் பார்த்தான். நினைத்தாலே பதறுகிறது.

அடுத்து ஒரு எஃகு ஸ்கேலைக் குழலின் மேல்பட்டையில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஸ்கேலுக்கும் குழலுக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவியிருக்கிறார்கள். ராவிய பிறகுதான் துருவை ஏற்றியிருக்கிறார்கள்.

பிறகு ஆணிகளை நிதானமாகத் தட்டி எடுத்தார். மரம் பிளக்கவே இல்லை. விசைப் பகுதி உட்கார்ந்திருந்த குழியின் மூலைகள் எல்லாம் ஒரே அளவு வளைவு. உளியால் வெட்டிய மூலை அப்படி வராது, அது மெஷின் குடைந்தது. ஸ்குரூவில் கடையில் விற்கிற 4 மில்லிமீட்டர் நட்டு அலுங்காமல் ஏறியது. அமெரிக்காவில் மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்று வில்லியம் செல்லர்ஸ் என்ற பொறியாளர் பிலடெல்பியாவில் திட்டம் வைத்ததே 1864-இல்தான், அதுவும் அங்குலக் கணக்கில். அதற்கு முந்தைய கொல்லன் பட்டறையில் மில்லிமீட்டர் மரை எங்கிருந்து வரும்?

குழலின் அடிப்பட்டையைத் துடைத்ததும் மிச்சமும் வெளிவந்தது. அங்கேயும் அரம் போட்டிருந்தார்கள், ஆனால் அவசரம். ‘பிஎன்’ என்ற இரண்டு எழுத்துகளின் கீழ்ப்பாதி நின்றது. பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் ‘ஏபி’. இத்தாலியில் செய்கிற துப்பாக்கிகள் பிரெஷா அருகே கார்தோனே வல் த்ரோம்பியாவில் இருக்கும் சோதனை நிலையத்தில் சோதனையாகி முத்திரை வாங்க வேண்டும். ‘பிஎன்’ என்றால் அவர்கள் மொழியில் கரிமருந்து. கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து வருடக் குறி: ‘ஏஏ’ 1975, ‘ஏபி’ 1976. அமெரிக்கா தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடிய வருடம். கொல்லன் வடித்தது என்று நான் வாங்கியது, தொழிற்சாலையில் செய்த நகல்.

நகல் என்பதில் எனக்குக் குறையே இல்லை. இத்தாலிக்காரர்கள் ஒழுங்காகச் செய்து, சோதித்து, முத்திரை குத்தித்தான் அனுப்பினார்கள். மேல்பட்டையில் ராவிய இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று பெரியவர் சொன்னபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. செய்த நாட்டின் பெயரோடு ‘கரிமருந்து மட்டும்’ என்ற எச்சரிக்கையும் இந்த மாதிரி நகல்களில் அந்த இடத்தில்தான் வழக்கமாக இருக்குமாம். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இதில் கெட்டித்தால் அழுத்தம் தாங்காமல் குழல் கையிலேயே வெடித்துச் சிதறும். விரல் போகும், கண் போகும். தெரியாத ஒருவரைக் காப்பாற்ற இருந்தது அந்த ஒரு வரிதான். அதை லாபத்துக்காக அழித்திருக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். ரசீதைக் காட்டினார்: ‘கென்டக்கி ஸ்டைல் பிஸ்டல், உள்ளது உள்ளபடி.’ ஸ்டைல் என்ற அந்த ஒரு சொல்லை வாங்கும்போது நான் கவனிக்கவில்லை. எந்தக் காலத்தது என்றும் அதில் எழுதவில்லை. வாயால் சொன்னது எதையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் ‘அசல், இந்தக் காலத்தது, இல்லையென்றால் பணம் வாபஸ்’ என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். குழலைக் கழற்ற விடவில்லை என்றால் அதைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஏற்கனவே ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்த மரக்குச்சிச் சோதனையைச் செய்யுங்கள், விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தைக் குழல் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல்.

போன ஞாயிறு அந்தப் பக்கம் போனேன். அதே மேஜையில் இன்னும் இரண்டு இருந்தன. இரண்டிலும் மேல்பட்டையில் அதே இடம் பள்ளமாக இருந்தது.